ஸ்னோமொபைல் டிராக்கில் ஆணி அடிக்கலாமா? புதிதாக ஓட்டத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எனக்குத் தெரிந்த நம்மவர்கள் சிலர் குளிர்கால வார இறுதிகளில் கனடாவின் ரொறன்ரோவிலிருந்து ஹாலிபர்ட்டன், மஸ்கோக்கா பக்கம் போய், பனிமேல் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலை ஓட்டத் தொடங்கியிருக்கிறார்கள். வண்டி வாங்கிய கையோடு அவர்கள் கேட்கும் கேள்வி, டிராக்கில் ஆணி அடிக்க வேண்டுமா என்பதுதான். கடைக்காரர் ஒன்று சொல்லியிருப்பார், கூட ஓட்டுபவர் வேறொன்று சொல்லியிருப்பார். இருவரும் தத்தம் ஓட்டத்துக்குப் பொருந்தியதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் நீங்கள் எங்கே, எப்படி ஓட்டப் போகிறீர்கள் என்பதை அநேகமாக இருவருமே கேட்டிருக்க மாட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு படியாகச் சென்று முடிவெடுப்பதற்கான முறையை இங்கே எழுதுகிறேன்.

ஆணி என்று நான் சொல்வது, கடைகளில் ஸ்டட் என்ற பெயரில் விற்கப்படும் உருக்குத் தண்டு. அதன் நுனியில், எளிதில் தேயாத கார்பைட் என்ற கடினப் பொருளாலான முனை ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். டிராக் எனப்படும், வண்டியின் அடியில் சுழலும் ரப்பர் வாரில் துளையிட்டு, உட்பக்கமிருந்து இதைச் செருகி, வெளிப்பக்கத்தில் அலுமினியத் தகடு ஒன்றை வைத்து நட்டால் இறுக்குவார்கள். தார்ச்சாலையில் வழுக்காமலிருக்க மாட்டுக்கு லாடம் அடிப்பதைப் போன்ற வேலைதான் இது; மாட்டுக்கு லாடம் பொருந்தாவிட்டால் எவ்வளவு கெடுதலோ, அவ்வளவு கெடுதல் இதிலும் உண்டு.

ஆணி எதற்காக என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

ஸ்னோமொபைலின் முன்னால் ஸ்கீ என்ற சறுக்குப் பலகைகள் இரண்டு இருக்கின்றன. அவை திசை திருப்புவதற்கு மட்டுமே. வண்டியைத் தள்ளுவதும் டிராக்தான், நிறுத்துவதும் டிராக்தான். ஸ்கீகளுக்கு பிரேக் கிடையாது. ஆகவே, பிரேக்கைப் பிடிக்கும்போது டிராக் சுழல்வது நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது, சுழலாத அந்த ரப்பருக்கும் கீழே உள்ள தரைக்கும் இடையில் இருக்கும் பிடிப்பைப் பொறுத்தது. அழுத்திச் சமன் செய்யப்பட்ட வெண்பனியில் ரப்பரின் குறுக்கு வரப்புகள் புதைந்து போதுமான பிடிப்பைத் தருகின்றன. கண்ணாடி போன்ற பனிக்கட்டியில் அந்த வரப்புகள் புதைவதற்கு இடமே இல்லை. கடினமான ரப்பர் மேலே வழுக்கிக்கொண்டு போகும். ஆணியின் முனையோ பனிக்கட்டியைக் குத்தி உள்ளே இறங்கும்.

பலர் ஆணியை வேகத்துக்கான பொருளாகவே நினைக்கிறார்கள். ஏரியில் எழும்பிப் புறப்படும்போது டிராக் வெறுமனே சுற்றாமல் வண்டி பாய்வது உண்மைதான். ஆனால் அந்தப் பாய்ச்சலுக்காக இத்தனை செலவும் வேலையும் தகாது என்பது என் கருத்து. ஒன்ராறியோவில் பாதைகளில் வேறு அறிவிப்பு இல்லாவிட்டால் சட்டப்படியான உச்ச வேகமே மணிக்கு 50 கிலோமீட்டர்தான். ஆணியின் முழுப் பயனும் நிற்பதிலும், வளைவில் வண்டியின் பின்பகுதி தன்னிஷ்டத்துக்குச் சுழன்றுவிடாமல் இருப்பதிலும் இருக்கிறது.

பாதையில் எந்த இடத்தில் இது தேவைப்படும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். ஸ்னோமொபைல் பாதை ஒன்று சரிவில் இறங்கி, வாகனச் சாலை ஒன்றைக் குறுக்காகக் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவின் கடைசி இருபது அடியில்தான் எல்லோரும் பிரேக் பிடிக்கிறார்கள். காலையிலிருந்து நூறு வண்டிகளின் டிராக்குகள் அதே இடத்தைத் தேய்த்ததில், மேலே இருந்த வெண்பனி போய், சாம்பல் நிறத்தில் பளபளக்கும் பனிக்கட்டி மட்டும் மிஞ்சியிருக்கும். அதற்கப்பால் நிறுத்தப் பலகை; அதற்கப்பால் மரம் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலை. ஆணியில்லாத வண்டியில் அந்த இடத்துக்கு வரும்போது, வழக்கத்தைவிட வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, நடந்து போகும் வேகத்தில் இறங்க வேண்டும். அது தெரிந்து ஓட்டுபவருக்கு ஆணியில்லாமலும் ஒன்றும் ஆகாது; தெரியாதவருக்கு ஆணியிருந்தாலும் போதாது.

எங்கே ஓட்டுகிறீர்கள்?

கடந்த குளிர்காலத்தில் ஓட்டிய நாட்களை நினைத்துப் பாருங்கள். இது முதல் குளிர்காலம் என்றால், ஓட்ட நினைக்கும் இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள்.

உறைந்த ஏரிகளைக் கடப்பதும், ஏரியிலேயே மீன்பிடிக் கூடாரத்துக்குப் போய்வருவதும் உங்கள் ஓட்டத்தில் பெரும்பங்கு என்றால், ஆணி பயனுள்ளது. பகலில் உருகி இரவில் மீண்டும் உறையும் மார்ச் மாதப் பாதைகள், விக்டோரியா ரயில் பாதையைப் போல நேராக நீண்டு, வெண்பனி குறைவாகவும் பனிக்கட்டி மிகுதியாகவும் கிடக்கும், தண்டவாளம் அகற்றப்பட்ட பழைய ரயில் தடங்கள், வளைவுகள் நிறைந்த காட்டுப் பாதைகளில் அதிகத் தூரம் ஓடும் வழக்கம் ஆகியவையும் ஆணியின் பக்கம் சாயும் காரணங்கள்.

புதுப்பனி விழுந்த பிறகு மட்டும் போய், பாதை நல்ல நிலையில் இருக்கும்போது நிதானமாக ஓட்டிவிட்டு வருபவருக்கு ஆணி தேவையில்லை. ஆழமான வெண்பனியில், மலைச்சரிவுகளில், பாதையை விட்டு விலகி ஓட்டுபவர்களுக்கு அது கூடவே கூடாது. அவர்களுடைய டிராக்கில் வரப்பு 2 அங்குலத்துக்கும் மேல் உயர்ந்திருக்கும். எடை குறைவாக இருக்கும்பொருட்டு ரப்பர் மெல்லியதாகச் செய்யப்பட்டிருக்கும். ஆணி அங்கே டிராக்கைக் கிழிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

சட்டத்தையும் இந்தப் படியிலேயே பார்த்துவிட வேண்டும். ஆணி, தார்ப்பரப்பையும் மரப்பாலங்களின் பலகைகளையும் கீறும். அதனால் சில இடங்களில் தடை இருக்கிறது. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தார் போட்ட பொதுப்பாதைகளில், சிறப்பாக அனுமதிக்கப்பட்ட இடங்கள் நீங்கலாக, உலோக ஆணி உள்ள ஸ்னோமொபைலை ஓட்டக் கூடாது. மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும் என்பதால், எல்லை தாண்டி ஓட்டும் எண்ணம் இருந்தால், செல்லும் இடத்துப் பாதைக் கழகத்தின் விதிகளைப் பணம் செலவழிப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆணி அடித்த வண்டி ஏரியில் உறுதியாக நிற்பதால், ஏரியே உறுதியாகிவிட்டது போன்ற ஒரு துணிவு வந்துவிடுகிறது. ஸ்னோமொபைலைத் தாங்குவதற்குத் தெளிந்த, புதிய பனிக்கட்டி குறைந்தது 5 அங்குலத் தடிப்பாவது இருக்க வேண்டும். வெண்ணிறமாக, காற்றுக்குமிழ் கலந்து உறைந்தது ஏறத்தாழ அதில் பாதி வலிமையே கொண்டது என்பதால், அங்கே இருமடங்கு தடிப்பு தேவை. ஆற்று வாய்களிலும் பாலங்களின் அடியிலும் நீரோட்டம் பனிக்கட்டியைக் கீழிருந்தே அரித்துவிடும். ஆணி இவற்றில் எதையும் மாற்றாது. அது வழுக்கலுக்கான மருந்தே தவிர, மெல்லிய பனிக்கட்டிக்கான மருந்தல்ல.

உங்கள் டிராக் ஆணியைத் தாங்குமா?

எல்லா டிராக்கும் ஆணி அடிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சிலவற்றின் ரப்பருக்குள் ஒற்றை நெசவு அடுக்கு மட்டும் இருக்கும். அவற்றில் துளையிட்டால், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஆணி சாய்ந்து துளையைப் பெரிதாக்கி, கடைசியில் பிய்த்துக்கொண்டு வெளியேறும். வண்டியின் கையேட்டைத் திறந்து, ஆணி அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, எவ்வளவு நீளம் வரை, வண்டிக்குள் என்ன பாதுகாப்புப் பட்டைகள் வேண்டும் என்ற மூன்றையும் பாருங்கள். பல டிராக்குகளின் மேற்பரப்பிலேயே ஆணிக்கு ஏற்றது அல்லது ஏற்றதல்ல என்பதைக் காட்டும் குறி வார்க்கப்பட்டிருக்கும். வரப்பு உயரமான டிராக்குகளில் ஆணி அடிக்கக் கூடாது என்றே சில கையேடுகள் சொல்கின்றன. அப்படிச் சொல்லியிருந்தால், கேள்வி அங்கேயே முடிந்தது.

பாதையில் ஓட்டும் வண்டிகளில் டிராக்கின் அகலம் பெரும்பாலும் 15 அங்குலமாகவும், நீளம் 121, 129, 137 அங்குலம் என்ற அளவுகளிலும், வரப்பின் உயரம் 1 அங்குலத்திலிருந்து 1.5 அங்குலம் வரையிலும் இருக்கும். இந்த மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்; இனி வரும் கணக்கெல்லாம் இவற்றின் மேல்தான்.

இதற்கு அடுத்ததாக, அதிகம் பேர் பாராமல் விட்டுவிடும் இடம் ஒன்று இருக்கிறது. டிராக் சுழலும் இடத்துக்கு மேலே கவிழ்த்த தொட்டி போல அமைந்திருக்கும் அலுமினியக் கூட்டை டனல் என்பார்கள். நீரால் குளிரும் எஞ்சினுள்ள வண்டிகளில், எஞ்சினின் சூட்டை ஏந்திவரும் திரவம் அந்த டனலின் உட்கூரையில் பொருத்திய கூலர்கள் வழியாகத்தான் ஓடுகிறது. டிராக் எறியும் பனி அவற்றின் மேல் பட்டுக் குளிர்விக்கிறது. ஆணி நீளமாக இருந்தாலோ, டிராக் தளர்ந்திருந்தாலோ, ஆணி முனை கூலரைத் தொட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் அந்தப் பாதுகாப்புப் பட்டைகள்.

நான் முதன்முதலில் வாங்கிய பழைய வண்டியில் நடந்தது இதுதான். முந்தைய உரிமையாளர் ஆணி அடித்திருந்தார்; பாதுகாப்புப் பட்டை போடவில்லை. எனக்கோ அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பதே தெரியாது. இரண்டாவது ஓட்டத்தில் நிறுத்தி இறங்கியபோது, வண்டியின் பின்னால் வெண்பனியில் பச்சை நிறத்தில் சொட்டுச் சொட்டாக ஒரு கோடு வந்திருந்தது. இனிப்பும் கசப்பும் கலந்த ஒரு வாடை. கைவிளக்கை அடித்து டனலுக்குள் பார்த்தேன். கூலரின் மேல் இரண்டு நீளக் கீறல்கள், ஒரு விரல் இடைவெளியில், உளியால் இழுத்ததைப் போல நேராக ஓடியிருந்தன. ஒன்றின் நடுவில் திரவம் முத்தாகத் திரண்டு நின்றது. வண்டியை இழுத்துக்கொண்டுதான் வீடு வந்தோம். கூலரை மாற்ற ஆன செலவு, ஆணிக்கு ஆகும் செலவைவிட அதிகம்.

ஆகவே, பழைய வண்டி வாங்குபவர்கள் விலை பேசும் முன்னரே கைவிளக்குடன் குனிந்து டனலின் கூரையைப் பாருங்கள். கீறல் இருந்தால் காரணம் கேளுங்கள். சொந்த வண்டியில் புதிதாக ஆணி அடிக்க நினைப்பவர்கள், அந்த மாதிரிக்கு உரிய பாதுகாப்புப் பட்டைகளை ஆணியோடு சேர்த்தே வாங்குங்கள். பட்டை பிறகு, ஆணி இப்போது என்ற ஒழுங்கில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

எத்தனை ஆணி, எவ்வளவு நீளம்

ஆணியின் முனை ரப்பர் வரப்புக்கு மேலே கால் அங்குலத்திலிருந்து 3/8 அங்குலம் வரை நீட்டிக்கொண்டிருந்தால் பாதை ஓட்டத்துக்குப் போதும். அதற்குக் குறைந்தால் முனை பனிக்கட்டியைச் சரியாகத் தொடாது. கூடினால் ஆணி வளைவதும், துளை கிழிவதும், டனலைத் தொடுவதும் தொடங்கும். அதிக நீளம் அதிகப் பிடிப்பு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

எண்ணிக்கைக்கு ஓட்டுநர்களிடையே பழகிவந்த ஒரு கணக்கு, குதிரைத்திறன் ஒன்றுக்கு ஓர் ஆணியாவது வேண்டும் என்பது. 600 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஏறத்தாழ 120 குதிரைத்திறன் தருவதால், அந்தக் கணக்குப்படி 120 ஆணி வரும். நடைமுறையில் டிராக்கின் அமைப்பே எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. 121 அங்குல டிராக்கில் 2.52 அங்குலத்துக்கு ஒன்றாக 48 பிரிவுகள் இருக்கும். பிரிவுக்கு இரண்டு ஆணி வைத்தால் 96. கடைகளில் 96 என்ற எண்ணிக்கையில் பெட்டிகள் கிடைப்பதன் காரணம் இப்போது விளங்கும். 137 அங்குல டிராக்கில் பிரிவுகள் 2.86 அங்குல இடைவெளியில் அமைந்தால் அங்கும் 48தான் வரும். பிரிவுக்கு மூன்றாக வைத்தால் 144. நிதானமாக ஓட்டும் புதியவருக்கு 96 போதும் என்பது என் எண்ணம். ஆணி கூடக்கூட, சுழலும் டிராக்கின் எடையும் கூடுகிறது, எஞ்சின் அந்த எடையையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும்.

எண்ணிக்கையைவிட அவற்றை எப்படி அமைக்கிறோம் என்பது முக்கியம். எல்லா ஆணியும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்தால், முதல் ஆணி கீறிய பள்ளத்திலேயே அடுத்ததும் ஓடும். அதற்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஒவ்வொன்றும் தனக்கென்று புதிய பனிக்கட்டியைக் குத்தும்படி, இடமும் வலமும் மாறி மாறிச் சிறிது விலகி அமைய வேண்டும். அதே சமயம் இடப்பக்கத்தில் உள்ளதற்கு ஈடாக வலப்பக்கத்திலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேகத்தில் டிராக் அதிரும். பல வண்டிகளில் டிராக்கின் நடுப்பட்டையில் மட்டுமே ஆணி அனுமதிக்கப்படுகிறது. உள்ளிருந்து டிராக்கை அழுத்தும் சக்கரங்களின் வழியில் ஆணித்தலை வந்துவிடக் கூடாது. ஆணி விற்கும் நிறுவனங்கள் துளைக் குறிகள் அச்சிட்ட அட்டை தருகின்றன. நீங்களாக வரைந்து பார்க்காமல் அதையே பின்பற்றுங்கள்.

ஸ்கீயை மறந்துவிடாதீர்கள்

டிராக்கில் மட்டும் ஆணி அடித்துவிட்டுப் பாதைக்குப் போவதுதான் புதியவர்கள் செய்யும் பெருந்தவறு. பின்னால் பிடிப்பு மிகுந்து, முன்னால் அதே பழைய நிலை என்றால், வளைவில் கைப்பிடியைத் திருப்பியும் வண்டி திரும்பாமல், பின்னாலிருந்து தள்ளப்பட்டு நேராகவே போகும். வளைவின் வெளிப்பக்கத்தில் மரங்கள் நிற்கும் காட்டுப் பாதையில் இதன் பொருள் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. நேர்மாறாக, ஸ்கீயின் அடியில் கூரிய கார்பைடைப் போட்டுவிட்டு டிராக்கை வெறுமனே விட்டால், முன்பகுதி பிடித்துக்கொள்ள, பின்பகுதி வீசிச் சுழலும்.

ஸ்கீயின் அடிப்பக்கத்தில் உருக்குக் கம்பி ஒன்று ஓடும். அதில் 4, 6, 8 அங்குலம் என்ற நீளங்களில் கார்பைட் பதித்தவை விற்கப்படுகின்றன. ஆணி கூடினால் இந்த நீளமும் கூட வேண்டும். எத்தனை ஆணிக்கு எவ்வளவு நீளம் என்ற அட்டவணை ஆணிப்பெட்டியோடு வரும் குறிப்பிலேயே இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

மாற்று வழியும் உண்டு

துளையிடாமலே பிடிப்பு வேண்டுபவர்களுக்கு, வரப்புகளின் நுனியில் சிறு கார்பைட் முனைகள் வார்ப்பிலேயே பதிக்கப்பட்ட டிராக்குகள் இருக்கின்றன. காம்சோ நிறுவனம் செய்த ஐஸ் ரிப்பர் அத்தகையது. இந்த முனைகள் மிகக் குறைவாகவே நீட்டியிருப்பதால் டனலுக்கு ஆபத்து குறைவு. எடையும் அதிகம் கூடுவதில்லை. கண்ணாடிப் பனிக்கட்டியில் முழு ஆணியளவுக்கு இவை பிடிப்பதில்லை. ஆனால் பாதை ஓட்டத்தில் அவ்வப்போது குறுக்கிடும் பனிக்கட்டிக்கு இவை போதும். புதிய வண்டிக்கு ஆர்டர் கொடுக்கும் நிலையில் இருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால், இத்தகைய டிராக்கோடு வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். பழைய டிராக் தேய்ந்து மாற்ற வேண்டிய நேரம் வந்தவருக்கும் அதே பதில்.

பொருத்தும் வேலை

கருவிகளைக் கையாண்டு பழக்கமில்லாதவர் இதைக் கடையில் கொடுத்துச் செய்வது நல்லது. தாமே செய்பவர்கள், வண்டியின் பின்பகுதியைத் தாங்கியில் உயர்த்தி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, டிராக்கைக் கையால் உருட்டி வேலை செய்யுங்கள். அட்டையை வைத்து முதலில் எல்லா இடங்களையும் குறித்து முடியுங்கள். முழுச் சுற்றும் குறித்து, இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே முதல் துளை. சாதாரண மரத்துளைப்பு முனை ரப்பரை நார் நாராகக் கிழிக்கும். இதற்கென்று விற்கும் குழல் வடிவ முனை, சட்டைப் பித்தானைப் போல ஒரு வட்டத்துண்டை வெட்டி எடுத்துவிடும். உள்ளிருந்து ஆணியைச் செருகி, வெளியே தகட்டை வைத்து, ஆணித்தலை ரப்பரின் பரப்போடு சமமாகப் படியும் வரை நட்டை இறுக்குங்கள். இறுக்க அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதன் குறிப்பில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

முடிந்ததும் டிராக்கின் இறுக்கத்தைக் கையேட்டின்படி சரிசெய்ய வேண்டும். நான் மேலே சொன்ன கூலர் கதையில் பாதிக் குற்றம் தளர்ந்த டிராக்குடையது. புத்தம்புது டிராக் முதல் சில ஓட்டங்களில் நீளும் என்பதால், அது நீண்டு அடங்கிய பிறகு ஆணி அடிப்பது நல்லது.

பனிக்கட்டி மிகுந்த இடங்களில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு தேவையும் வந்து சேரும். வெண்பனி இல்லாதபோது டிராக்கின் உட்பக்கத்தில் உராயும் பிளாஸ்டிக் சறுக்குப் பட்டைகளும் எஞ்சினும் சூடேறிவிடும். பனிக்கட்டியைச் சுரண்டித் தூளாக்கி உள்ளே எறியும் ஸ்கிராட்சர் என்ற வளைகம்பிகளைப் பொருத்தி, சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள்.

பிறருக்கான பொறுப்பு

ஆணி உள்ள டிராக்கை உயர்த்திவைத்து எஞ்சினால் சுழற்றிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தளர்ந்த ஆணி ஒன்று விடுபட்டால் அது பின்பக்கமாகத் துப்பாக்கிக் குண்டைப் போலப் பறக்கும். வண்டியின் பின்னால் யாரும் நிற்க விடாதீர்கள், குறிப்பாகக் குழந்தைகளை. பின்னால் தொங்கும் ரப்பர் மடல் கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். வீட்டுக் கராஜின் சிமெண்டுத் தரையிலும் டிரெயிலரின் பலகையிலும் ஆணி ஏறாதபடி, இதற்கென்று விற்கும் பட்டைகளைத் தரையில் பதித்துக்கொள்ளுங்கள். மரப்பாலங்களிலும் சாலைக் கடவைகளிலும் டிராக் சுற்றாதபடி மெதுவாகக் கடந்து செல்லுங்கள். அந்தப் பாலங்களையும் பாதைகளையும் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க் கழகங்களின் தன்னார்வலர்கள்.

முதல் ஓட்டம் முடிந்து வீடு வந்ததும், சூடு தணிந்த பிறகு ஒவ்வொரு நட்டையும் தொட்டு மீண்டும் இறுக்குங்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் டிராக்கை ஒரு சுற்று பார்த்து, ஆணி விழுந்திருந்தால் அந்த இடத்தை நிரப்பிவிட்டே கிளம்புங்கள்.

அந்த முதல் ஓட்டத்தின்போது, பனிக்கட்டியின் தடிப்பு உறுதிசெய்யப்பட்ட, ஆளில்லாத ஓர் இடத்தைத் தேர்ந்து, மணிக்கு 20, பிறகு 30, பிறகு 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து, வண்டி எங்கே நிற்கிறது என்று நாலைந்து முறை பாருங்கள். பிறகு உங்களோடு வரும் நண்பரிடம் சொல்லுங்கள்: அவர் வண்டியில் ஆணி இல்லையென்றால், நீங்கள் நிற்கும் தூரத்தில் அவரால் நிற்க முடியாது, ஆகவே அவர் உங்களுக்கு முன்னால் போகட்டும், பின்னால்தான் வருவார் என்றால் வழக்கத்தைவிட இருமடங்கு இடைவெளி விட்டு வரட்டும்.